நெடுந்தூரப் பந்தயத்தில் வயிறு கெடுகிறதா? உணவை விலக்குவதா, குடலைப் பழக்குவதா

பந்தயத்தில் ஒருமுறை வயிறு கெட்டுவிட்டால் பெரும்பாலானோர் உடனே ஏதாவது ஒரு உணவைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். முதலில் பால், பிறகு கோதுமை, அடுத்து பழங்கள். ஆறு மாதம் கழித்துத் தட்டில் நாலைந்து பொருள்தான் மிஞ்சும். வயிறோ அடுத்த பந்தயத்திலும் அதே இடத்தில் அதே போலப் புரளும். நெடுந்தூர ஓட்டம், சைக்கிள், ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து) என்று இறங்குபவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் செரிமானத் தொல்லை வருகிறது. அவர்களில் பலருக்கு உணவின் வகை காரணமே அல்ல. எவ்வளவு, எத்தனை அடர்த்தியில், எந்த வேகத்தில் ஓடும்போது உள்ளே போகிறது என்பதுதான் காரணம்.

முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: குடலைப் பழக்குவது, பந்தயத்துக்கு முன் நார்ச்சத்தைக் குறைப்பது, ஃபாட்மாப் (எளிதில் உறிஞ்சப்படாத சிறு சர்க்கரைகள்) குறைந்த உணவு, குளூட்டன் (கோதுமை போன்றவற்றில் உள்ள புரதம்) இல்லாத உணவு, மாவுச்சத்தையே (சர்க்கரையும் இதில் சேரும்) குறைத்துவிடுவது. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கோளாறுக்கான விடை. அதனால் கோளாறு எங்கே என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வயிறு ஏன் நின்றுபோகிறது

கடுமையாக ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. குடலுக்குப் போகும் ரத்த ஓட்டம் 80 சதவீதம் வரை குறையக்கூடும். ரத்தம் குறைந்தால் உறிஞ்சும் வேலை மந்தமாகிறது. குடலின் உட்சுவர் சேதப்பட்டு, உள்ளே இருக்க வேண்டியவை கசியத் தொடங்குகின்றன. வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். உடல் வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில், குளிர்ந்த காலையில் பிரச்சினை தராத அதே ஜெல் (பந்தயத்தில் பிழிந்து விழுங்கும் கெட்டியான சர்க்கரைக் கூழ்) குமட்டலைக் கொண்டுவருகிறது. ஜெல் மாறவில்லை, குடலின் நிலை மாறிவிட்டது.

ஓட்டக்காரர்களுக்கு இதோடு குலுங்கலும் சேர்கிறது. பேதி, அடிவயிற்றுப் பிடிப்பு, அவசரமாகக் கழிப்பறை தேடுவது ஆகியவை ஓட்டத்தில் அதிகம். சைக்கிளில் குனிந்து உட்காருவதால் வயிறு அழுந்தி, நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் அதிகம். ட்ரையத்லானில் சைக்கிளில் சாப்பிட்டதன் விலையை ஓடும்போது கொடுக்க வேண்டியிருக்கும்.

முடிவெடுப்பதற்கு முன் மூன்று நீண்ட பயிற்சிகளுக்குக் குறிப்பு எழுதுங்கள். முந்தைய இரவு உணவு, காலை உணவு, அதன் நேரம், பயிற்சியில் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் உள்ளே போன மாவுச்சத்து கிராமிலும் நீர் மில்லிலிட்டரிலும், அன்றைய வெப்பம், வேகம், தொல்லை 0 முதல் 10 வரை எத்தனை என்பது போதும். குமட்டல், ஏப்பம், "வயிற்றில் தண்ணீர் தளும்புகிறது" என்பவை மேல் வயிற்றுக் கோளாறுகள். இவை பெரும்பாலும் அடர்த்தி, அளவு, வேகம், வெப்பம் ஆகியவற்றால் வருபவை. வாயு, அடிவயிற்றுப் பிடிப்பு, பேதி ஆகியவை கீழ்க் குடலின் பக்கம். முந்தைய நாள் உணவு, உறிஞ்சப்படாத சர்க்கரை, பதற்றம், காபி ஆகியவற்றை அங்கே தேட வேண்டும்.

கணக்கு தவறினால் எந்த உணவும் உதவாது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன் இந்தக் கணக்கைச் சரிபாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும் என்பது எங்கள் கணிப்பு.

ஒரு ஜெல்லில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து. அது 6 முதல் 8 சதவீதக் கரைசலாக இறங்க வேண்டுமானால் 300 முதல் 400 மி.லி. நீர் கூடவே போக வேண்டும். பலர் ஜெல்லைப் பிழிந்துவிட்டு, கையில் கிடைக்கும் விளையாட்டுப் பானத்தையே குடிக்கிறார்கள். 8 சதவீதப் பானம் 200 மி.லி. என்றால் அதில் இன்னொரு 16 கிராம். ஆக 41 கிராம் சர்க்கரை 200 மி.லி. நீரில், அதாவது ஏறத்தாழ 20 சதவீதக் கரைசல். அவ்வளவு அடர்த்தியான சர்க்கரைப் பாகை வயிறு மெதுவாகத்தான் கீழே விடும். சிறுகுடலுக்குப் போனதும் அதை நீர்க்கச் செய்ய உடலிலிருந்தே நீர் குடலுக்குள் இழுக்கப்படும். மேலே குமட்டல், கீழே பேதி. ஜெல்லுக்குத் தண்ணீர், பானத்துக்கு ஜெல் கிடையாது என்ற ஒரே விதி பலரின் பந்தயத்தைக் காப்பாற்றும்.

இன்னொரு கணக்கு, எந்தச் சர்க்கரை என்பது. குளுக்கோஸைச் சிறுகுடலில் ஒரு கடத்தி உள்ளே எடுக்கிறது. அதன் எல்லை மணிக்கு ஏறத்தாழ 60 கிராம். ஃப்ரக்டோஸுக்குத் தனிக் கதவு இருக்கிறது. இரண்டையும் கலந்தால் மணிக்கு 90 கிராம் வரை உறிஞ்ச முடியும். குளுக்கோஸோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ (குளுக்கோஸ் சங்கிலிகளால் ஆன பொடி) மட்டும் உள்ள பானத்தில் 80, 90 கிராம் எடுத்தால் மிச்சம் குடலிலேயே தங்கிவிடும். அது பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகவும் பேதியாகவும் வெளியே வரும். "எனக்குச் சர்க்கரையே ஆகாது" என்பவர்களில் பலர் ஒற்றைச் சர்க்கரையில் அளவுக்கு மீறியவர்கள்தான்.

கலவையை வீட்டிலேயே செய்யலாம். சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். 60 கிராம் சர்க்கரையும் 30 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் சேர்த்தால் 60 கிராம் குளுக்கோஸும் 30 கிராம் ஃப்ரக்டோஸும், அதாவது 2:1 விகிதம், ஒரு மணி நேரத்துக்கு. 600 முதல் 700 மி.லி. நீரில் கரைத்து, ஒன்று முதல் ஒன்றரை கிராம் உப்பு போடுங்கள். ஒரு கிராம் உப்பில் சுமார் 390 மி.கி. சோடியம் இருக்கும். இந்தக் கரைசல் ஏறத்தாழ 13 முதல் 15 சதவீதம் வரும், பழகாத வயிற்றுக்கு இது கனம். இதனால்தான் அடுத்த பகுதி தேவைப்படுகிறது.

எவ்வளவு வேண்டும் என்பதும் பந்தயத்தின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு எதுவும் தேவையில்லை, சர்க்கரைப் பானத்தால் வாய் கொப்பளித்துத் துப்பினால்கூடப் போதும். ஒன்று முதல் இரண்டரை மணி நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம். அதற்கு மேல் போனால் 90 கிராம் வரை. மூன்றரை மணி நேர மாரத்தானை நிதானமாக ஓடுபவர் 90ஐத் துரத்த வேண்டிய கட்டாயமில்லை. 60 கிராம் வயிற்றில் அமைதியாக இருந்தால் அதுவே நல்ல தேர்வு.

குடலைப் பழக்குவது

எங்கள் முதல் பரிந்துரை இதுதான். எதையும் விலக்காமல், இருக்கும் குடலின் திறனைக் கூட்டுகிறது. வயிறு அதிகக் கனத்தோடு ஓடப் பழகுகிறது. மாவுச்சத்து தொடர்ந்து வரும்போது குளுக்கோஸ் கடத்திகளும் பெருகுகின்றன. மணிக்கு 90 கிராம் ஜெல்லை இரண்டு வாரம் ஓட்டத்தின்போது தொடர்ந்து கொடுத்த ஆய்வு ஒன்று 2017ல் வெளியானது. அதில் ஓட்டக்காரர்களின் தொல்லைகளும், உறிஞ்சப்படாமல் போகும் சர்க்கரையும் குறைந்தன. இரண்டு வாரம் என்பது கேட்பதற்கு இனிமை. தினமும் அப்படி ஓட முடியாதவர்களுக்கு 6 முதல் 8 வாரம் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாரத்தில் இரண்டு பயிற்சிகளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று நீண்டது, ஒன்று வேகமானது. முதல் வாரம் மணிக்கு 30 கிராம், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சிறு சிறு அளவாக. பிறகு வாரம் 10 முதல் 15 கிராம் கூட்டுங்கள். தொல்லை 10க்கு 4ஐத் தாண்டினால் அடுத்த வாரம் கூட்டாமல் அதே அளவில் நில்லுங்கள். அளவு இலக்கை அடைந்த பிறகு இரண்டு வாரமாவது அங்கேயே இருங்கள். பந்தய நாளின் காலை உணவையும் அதே நேரத்தில் அதே அளவில் சாப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வழி தோற்கும் இடங்களைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மெதுவான ஓட்டத்தில் மட்டும் பழகிவிட்டுப் பந்தய வேகத்தில் அதையே எதிர்பார்ப்பது மிகப் பெரிய தவறு. பந்தய வேகத்தில் குடலுக்குப் போகும் ரத்தம் இன்னும் குறைவு. குளிர்ந்த அதிகாலையில் மட்டும் பயிற்சி செய்பவர் நண்பகல் வெயிலில் ஓடும் பந்தயத்தில் ஏமாறுவார். வாரத்துக்கு 30 கிராம் என்று தாவுபவர் முதல் தோல்வியிலேயே "எனக்கு இது ஆகாது" என்று விட்டுவிடுவார். பயிற்சியில் ஒரு பிராண்டும், பந்தயத்தில் வழியில் கிடைக்கும் வேறொன்றும் என்பது எல்லாரும் அறிந்தே செய்யும் தவறு. ஏற்பாட்டாளர்கள் என்ன பானம் தருகிறார்கள் என்பதை இரண்டு மாதம் முன்பே கேட்டறிந்து, அதிலேயே பழகலாம், அல்லது சொந்தமாகச் சுமந்து செல்லலாம்.

பானம், ஜெல், திடப்பொருள்

வெயிலில் பானம் நல்லது, நீரும் சர்க்கரையும் சேர்ந்தே இறங்கும். ஆனால் குளிர் நாளில் தாகம் குறைந்து குடிப்பது குறைவதால், மாவுச்சத்தும் குறைந்துவிடும். ஜெல் சிறியது, கையில் எளிது, நீரை மறந்தால் தண்டிக்கும். திட உணவை மென்று விழுங்க நேரமும் மூச்சும் வேண்டும். சைக்கிளிலும், மாரத்தானைவிட நீண்ட, வேகம் குறைந்த அல்ட்ரா ஓட்டத்திலும் அதற்கு இடமுண்டு, வேகமான மாரத்தானில் இல்லை. ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்) கலந்த ஹைட்ரோஜெல் பானம் வயிற்று அமிலத்தில் கூழாகி, சர்க்கரையைச் சுற்றிப் பொதிந்து அனுப்புகிறது என்பது அழகான கருத்து. ஆனால் அதே அளவு, அதே வகைச் சர்க்கரை உள்ள சாதாரணப் பானத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வயிற்றுத் தொல்லையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒத்துவராத குடலுக்கு அது மருந்தாகாது.

நார்ச்சத்தைக் குறைப்பது

இது மிகவும் எளிய, மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி. பந்தயத்துக்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் நார்ச்சத்தை நாளுக்கு 10 கிராமுக்குள் கொண்டுவந்தால் பெருங்குடலில் தங்கும் பொருள் குறையும். வெள்ளை அரிசிச் சோறு, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன். பருப்பு, முழு தானியம், கொட்டைகள், பச்சைக் காய்கறிகள் இரண்டு நாள் ஓய்வெடுக்கட்டும்.

பந்தயத்துக்கு முந்தைய நாள்களில் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து சாப்பிடத் திட்டமிடுபவருக்கு இது இரட்டை வசதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 600 முதல் 720 கிராம். இதை முழு தானியத்தில் அடைய முயன்றால் வயிறு உப்பிப்போகும். நாளாந்த உணவில் நார்ச்சத்து நல்லது என்பதில் மாற்றமில்லை. இரண்டு நாளுக்கு மட்டுமே இந்த மாற்றம். வேகமாகக் கழிப்பறை தேட வேண்டியிருக்கும் ஓட்டக்காரருக்கு ஃபாட்மாப்பைவிட இதையே முதலில் முயலச் சொல்வோம்.

காலை உணவும் இதே விதிக்குள் வரும். ஓடுவதற்கு 1 முதல் 4 மணி நேரம் முன்பு, கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து, நேரம் நெருங்க நெருங்க அளவு குறைவு. கொழுப்பும் அதிகப் புரதமும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். காலை ஆறு மணிக்குப் பந்தயம் என்றால் ஐந்து மணிக்கு வெண்ணெயில் முட்டை பொரித்துச் சாப்பிடுவது எந்தக் குடலுக்கும் நியாயமான சோதனை அல்ல.

ஃபாட்மாப் குறைந்த உணவு

குடலில் எளிதில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதிக்கும் சிறு சர்க்கரைகளின் தொகுப்புக்குத்தான் ஃபாட்மாப் என்று பெயர். கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் ஃப்ரக்டான், பருப்பு வகைகளின் சர்க்கரை, பாலின் லாக்டோஸ், ஆப்பிள், மாம்பழம், தேன் போன்றவற்றில் குளுக்கோஸைவிட அதிகமாக இருக்கும் ஃப்ரக்டோஸ், சர்க்கரை இல்லாத மிட்டாயின் சார்பிட்டால் எல்லாம் இதில் அடங்கும். எரிச்சல் மிகுந்த குடல் உள்ளவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது. 2018ல் வெளியான ஆய்வொன்றில், பொழுதுபோக்காக ஓடுபவர்கள் 6 நாள் இப்படிச் சாப்பிட்டபோது வயிற்றுத் தொல்லைகள் குறைந்தன.

சில நுணுக்கங்களில் ஆள்கள் தடுமாறுகிறார்கள். காயாக இருக்கும் வாழைப்பழம் சரி, நன்கு கனிந்தால் ஃப்ரக்டான் கூடிவிடும். "புரதப் பட்டை" (புரோட்டீன் பார்) என்று விற்பவை பலவற்றில் சிக்கரி வேரின் இனுலின் என்ற நார்ச்சத்து சேர்ந்திருக்கும். அது நேரே எதிரி, பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். ஃப்ரக்டோஸைக் கண்டு பயந்து பந்தயக் கலவையிலிருந்தும் அதை நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. குளுக்கோஸ் கூடவே, அதற்கு இணையாகவோ அதிகமாகவோ இருக்கும்போது ஃப்ரக்டோஸ் நன்றாகவே உறிஞ்சப்படுகிறது.

நாங்கள் இதைப் பந்தயத்துக்கு முந்தைய 1 முதல் 3 நாளுக்கு மட்டும் பரிந்துரைக்கிறோம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறைகின்றன. பயிற்சிக்குத் தேவையான சக்தியும் தட்டில் குறைந்துவிடும். அன்றாடமே வயிற்றுத் தொல்லை இருப்பவருக்கு முழு முறை வேண்டும்: 2 முதல் 6 வாரம் விலக்கு, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்ப்பது, கடைசியில் தனக்குப் பொருந்தாதவற்றை மட்டும் குறைப்பது. இதை உணவியல் நிபுணரோடு செய்யுங்கள்.

குளூட்டன் இல்லாமல்

சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்) உள்ளவருக்கு இது வாழ்நாள் தேவை. மற்றவர்களுக்கு ஆதாரம் மெலிது. சீலியாக் இல்லாத சைக்கிள் வீரர்களுக்கு ஒருவாரம் குளூட்டன் இல்லாத உணவும், ஒருவாரம் குளூட்டன் உள்ள உணவும், எது எதுவென்று தெரியாமல் கொடுத்துச் செய்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் செயல்திறனிலும் வயிற்றுத் தொல்லையிலும் வித்தியாசம் தெரியவில்லை. கோதுமையை நிறுத்தியதும் நன்றாக இருக்கிறது என்பவர்களுக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் கோதுமையின் ஃப்ரக்டான் போனதால்தான். அப்படியானால் பந்தயத்துக்கு முன் இரண்டு நாள் நிறுத்தினாலே போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். குளூட்டன் உணவில் இல்லாதபோது எதிர்ப்பொருள் அளவு இறங்கி, நோய் இருந்தும் பரிசோதனை "இல்லை" என்று சொல்லிவிடும். பிறகு விடை தெரிய வேண்டுமானால் மறுபடி வாரக்கணக்கில் குளூட்டன் சாப்பிட வேண்டியிருக்கும்.

மாவுச்சத்தையே குறைத்தால்

சாப்பிடவில்லை என்றால் வயிறு கெடாது என்பது கேட்கச் சரியாகத் தோன்றும். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் உயர்தர வேகநடை வீரர்களோடு நடத்தி 2017ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவுக்கு மாறியவர்கள் கொழுப்பை அதிகம் எரித்தார்கள். ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் செலவாயிற்று, பந்தய முன்னேற்றமும் கிட்டவில்லை. வேகம் தேவைப்படும் பந்தயத்துக்கு இது நல்ல பேரம் இல்லை. மிக நீண்ட, மெதுவான பயணங்களில் சிலர் இதில் திருப்தியாக இருக்கிறார்கள். அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெடுநாள் மாவுச்சத்து இல்லாமல் இருந்த குடலில் கடத்திகளும் குறைந்திருக்கும். பந்தய நாளில் மட்டும் ஜெல்லுக்குத் திரும்பினால் வயிற்றுக் கோளாறு ஏறத்தாழ உறுதி.

போதிய உணவு இல்லாமல் தொடர்ந்து பயிற்சி செய்வதே வயிற்று உப்புசம், மலச்சிக்கல், செரிமானம் மந்தமாவது ஆகியவற்றைக் கொண்டுவரும். மாதவிலக்கு நின்றுபோவது, அடிக்கடி எலும்புக் காயம், ஓயாத களைப்பு ஆகியவை கூடவே இருந்தால் தட்டிலிருந்து எடுக்க அல்ல, தட்டில் சேர்க்கத்தான் வேண்டும்.

புரோபயாட்டிக்கை (குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய மாத்திரை, உணவு) பற்றிக் கேட்பவர்களுக்கு: பலன் பாக்டீரியாவின் குறிப்பிட்ட வகையைப் பொறுத்தது, முடிவுகள் கலவையானவை. முயல்வதானால் பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்பு தொடங்குங்கள், பந்தய வாரத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள்.

உணவே இல்லாத காரணங்கள்

வலி வராமல் இருக்க ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் விழுங்குவது குடலுக்குச் செய்யும் தீங்கு. 400 மி.கி. எடுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் குடல் சுவர் சேதம் அதிகமானது ஆய்வில் தெரிந்தது. சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல. அதை நிறுத்துவதே சிலருக்கு முழுச் சிகிச்சை. காபி பெருங்குடலைத் தூண்டும். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால் இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே குடித்து வேலையை முடித்துவிடுங்கள். செயல்திறனுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. கஃபீன் போதும். நீரைப் பொறுத்தவரை மணிக்கு 400 முதல் 800 மி.லி. பெரும்பாலானோருக்குச் சரியாக இருக்கும். தாகமில்லாமல் லிட்டர் கணக்கில் குடித்தால் வயிறு தளும்புவது மட்டுமில்லை, ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

எதில் தொடங்குவது

பந்தயத்தின் பின்பாதியில் மட்டும் குமட்டல் வருகிறது என்றால் அடர்த்தியைத் திருத்தி, குடலைப் பழக்குங்கள். வெயில் நாளில் மட்டும் வருகிறது என்றால் வேகத்தைக் குறைத்து, உடலைக் குளிர்வித்து, அன்றைக்கு மணிக்கு 20 கிராம் குறைவாக எடுங்கள். ஓட்டம் தொடங்கி அரை மணிக்குள் அடிவயிறு பிடிக்கிறது என்றால் காலை உணவும் முந்தைய நாள் நார்ச்சத்தும் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்தும் போகவில்லை என்றால் ஃபாட்மாப்பை இரண்டு நாள் குறைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு நலமடைந்தால், எதனால் நலமடைந்தது என்பது தெரியாமலே மூன்றையும் சுமக்க நேரும்.

மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஓடாத நாளிலும் தொடரும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவுச் சோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பந்தயத்தின் நடுவில் வயிறு பூட்டிக்கொள்ளலாம். அப்போது இன்னொரு ஜெல்லைத் திணிக்காதீர்கள். 10 முதல் 15 நிமிடம் வேகத்தைக் குறைத்து அல்லது நடந்து, தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த நீரை ஊற்றி, வெறும் நீரை இரண்டு மடக்காகக் குடியுங்கள். ஏப்பம் விட்டு வயிறு இளகியதும் பழைய அளவில் பாதியோடு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை சிறு மடக்காகத் தொடருங்கள்.